வீட்டுக்கு பைபர்: மேலால இழுக்கிறதா, மண்ணுக்குள்ள பைப் போடுறதா?

திருகோணமலைப் பக்கம் புதுசா வீடு கட்டுற ஆக்களும் சரி, இருக்கிற வீட்டுக்கு பைபர் லைன் (கண்ணாடி நூல் வழியா வாற இன்டர்நெட்) கேட்டு எழுதிக் குடுத்திட்டு இருக்கிற ஆக்களும் சரி, திரும்பத் திரும்பக் கேக்கிறது இதைத்தான்: ரோட்டுப் போஸ்ட்டில இருந்து வயரை அப்பிடியே கூரைக்கு இழுத்து விடுறதா, இல்லாட்டி வளவுக்குள்ள கான் வெட்டி பைப் தாட்டு அதுக்குள்ளால கொண்டு போறதா. சில பேர் பைப் இல்லாம கேபிளையே நேரா மண்ணுக்குள்ள தாட்டா என்ன எண்டும் கேக்கிறாங்க. மதில் ஓரமா கொண்டு போற வழியும் ஒண்டு இருக்கு, அதை ஆக்கள் பெரிசா யோசிக்கிறதில்ல, ஆனா எங்கட ஊர் வளவுகள்ல நிறைய இடத்துக்கு அதுதான் நல்லாப் பொருந்தும்.

என்ட முடிவை முதலே சொல்லிடுறன். தண்ணி லைனுக்கோ, இன்டர்லொக் கல் பதிக்கவோ, மதில் அத்திவாரத்துக்கோ, எதுக்காகவாவது வளவுக்குள்ள மண் வெட்டப் போறீங்க எண்டா அந்த நேரமே ஒரு வெறும் பைப்பை, பிறகு கேபிளைக் கட்டி இழுக்க ஒரு கயிறோட போட்டு விடுங்க, பைபர் எப்ப வருதோ அப்ப வரட்டும். வீடு கட்டி முடிஞ்சு முத்தம் முழுக்க சீமெந்தும் போட்டாச்சு எண்டா, பைப்புக்காக மட்டும் அதை உடைக்கிறது எல்லாருக்கும் தேவைப்படாது. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்ல எண்டதை விளக்கமாப் பாப்பம்.

## எதை வச்சு முடிவெடுக்கிறது

முதல் செலவை மட்டும் பாத்தா எல்லாரும் மேலாலதான் இழுப்பாங்க, அதில கேள்வியே இல்ல. அதோட சேத்து இன்னும் சிலது பாக்கவேணும். உங்கட இடத்தில வெயில், உப்புக் காத்து, தென்னோலை, குரங்கு, எலி இதெல்லாத்துக்கும் அந்த வயர் எத்தனை வருஷம் தாங்கும். அறுந்தா எங்க அறுந்தது எண்டு கண்டுபிடிச்சு எவ்வளவு கெதியா சரிபண்ணலாம். நாளைக்கு வேற கொம்பனிக்கு மாறினா, மாடி கட்டினா, திரும்ப வெட்டாம புது வயர் போட ஏலுமா. மண் என்ன மண், மாரியில தண்ணி எவ்வளவு உயரத்துக்கு நிக்கும். கடைசியா, எந்த இடம் வரைக்கும் உங்கட வளவு, எங்க இருந்து சபை ரோட்டு. இந்தக் கடைசி விசயத்தை விட்டிட்டுத்தான் நிறையப் பேர் கேற்றுக்கு வெளியிலயும் கிடங்கு வெட்டிப்போட்டு பிறகு பிரச்சினைப்படுறது. ரோட்டு, ரோட்டோரம், கான் இதெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாண வீதித் திணைக்களத்துக்கோ உள்ளூர்ச் சபைக்கோ சொந்தம், அனுமதி இல்லாம வெட்ட ஏலாது. அதால நான் சொல்லுற பைப் வேலை எல்லாம் மதிலுக்கு உள்ளுக்குத்தான்.

இன்னொண்டு, பைபரைப் பத்தி ஒரு பயம் இருக்கு, வளவு நீளம் எண்டா ஸ்பீட் குறையும் எண்டு. பழைய செம்புக் கம்பி ஏடிஎஸ்எல் லைனுக்கு அது உண்மை, எக்ஸ்சேஞ்சுக்கு தூரம் கூடக் கூட ஸ்பீட் விழும். பைபர்ல 1 கிலோமீற்றருக்கே கிட்டத்தட்ட 0.35 டிபிதான் (டிபி எண்டது வெளிச்சம் எவ்வளவு குறையுது எண்ட அளவு) இழப்பு, உங்கட 50 மீற்றர் வளவு அதில கணக்குக்கே வராது. அங்க பிரச்சினை பண்ணுறது மடிப்பும் மூட்டும்தான். உள்ளுக்குள்ள இருக்கிற கண்ணாடி நூல் 125 மைக்ரோன், தலைமயிர் அளவு, அதை இறுக்கி மடிச்சா வெளிச்சம் அந்த வளைவில வெளியில போயிடும். வீட்டு வேலைக்கு எண்டே வாற ஜி.657 ஏ2 வகை பைபர் 7.5 எம்எம் ஆரை வரைக்கும் வளைய விடும், பழைய ஜி.652 அவ்வளவு தாங்காது. ஆனா இது நூலுக்கு சொல்லுற கணக்கு, மேல உறை போட்ட முழுக் கேபிளை இழுக்கேக்க கேபிள் தடிப்பைப் போல 20 மடங்கு ஆரை, இழுத்து முடிஞ்சு இருக்கேக்க 10 மடங்கு, இதுதான் பொதுவான விதி. இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தைப் படியுங்க.

## போஸ்ட்டில இருந்து மேலால இழுக்கிறது

கொம்பனி ஆக்கள் வந்தா வழமையா செய்யிறது இதுதான். கறுப்பு ட்ரொப் வயர், ஒரு பக்கத்தில உருக்குக் கம்பி ஒண்டு சேந்து வரும், அந்தக் கம்பிதான் பாரத்தைத் தாங்கும், பைபர் தாங்கிறதில்ல. போஸ்ட்டில ஒரு கொக்கி, வீட்டு முகட்டுக்குக் கீழ ஒரு கொக்கி, வேலை முடிஞ்சுது. உங்களுக்குத் தனியா செலவு பெரிசா இல்ல, பழுதானா கீழ நிண்டு பாத்தாலே எங்க அறுந்து தொங்குது எண்டு தெரியும், ஒரே வரவில புது வயர் மாத்திட்டுப் போயிடுவாங்க. இது சின்ன விசயம் இல்ல. ரோட்டுக்குக் கிட்ட வீடு, நடுவில மரம் இல்ல, தூரம் 20, 25 மீற்றருக்குள்ள எண்டா இதையே செய்யுங்க, பைப்புக்கு காசு செலவழிக்க வேண்டாம்.

மறைஞ்ச செலவு எங்க வருது எண்டா, மரம். வைகாசி ஆடியில கச்சான் காத்து அடிக்கேக்க காய்ஞ்ச தென்னோலை மட்டையோட விழும், ஒரு மட்டை விழுந்தாலே கொக்கி களண்டு வயர் முத்தத்துக்கு வந்திடும். மாரியில வாடைக் காத்து, புயல். 1964 டிசம்பர்ல திருகோணமலையில அடிச்ச புயலை ஊரில பெரியாக்கள் இன்னும் சொல்லுவாங்க, 2020 டிசம்பர் 2 ராத்திரி புரெவி குச்சவெளிப் பக்கமா கரையைக் கடந்தது எங்களுக்கே ஞாபகம் இருக்கு. அந்த மாதிரி நேரத்தில ஊர் முழுக்க வயர் அறும், சரிபண்ண வாற ஆக்களுக்கு வரிசை நீளும், உங்கட முறை வரும்வரைக்கும் ரவுட்டர்ல வெளிச்சம் வரல்ல எண்டு காட்டுற லொஸ் லைட் சிவப்பா எரிஞ்சுகொண்டே இருக்கும். குரங்கு வாற பக்கம் எண்டா அதுகளுக்கு இந்த வயர் ஊஞ்சல், அணில் உறையைக் கடிக்கும்.

உப்புக் காத்தை ஆக்கள் கணக்கில எடுக்கிறதில்ல. உப்புவெளி, நிலாவெளி, சல்லி, திருக்கடலூர் மாதிரி கடலோர இடத்தில கொக்கியும் உருக்குக் கம்பியும் துருப்பிடிக்கிற வேகம் உள்ளூரை விடக் கனக்க. கம்பி துருப்பிடிச்சு அறுந்தா பாரம் முழுக்க பைபர்ல விழும், அதுக்குப் பிறகு அது கனநாள் நிக்காது. ரோட்டைக் குறுக்கறுத்து வயர் வருது, அதில லொறி பஸ் போகும் எண்டா குறைஞ்சது 18 அடி உயரம் இருக்கோணும், வைக்கோல் ஏத்தின லொறி ஒண்டு போனா தாழ்ந்த வயர் அதோட போயிடும்.

மின்னலுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி நூல் கரண்ட் கடத்தாது, அதால பழைய போன் லைன் காலத்தில இடி விழுந்தா ரவுட்டரும் போனும் சேந்து எரியிற மாதிரி பைபர் வழியா வராது. ஆனா அந்த உருக்குக் கம்பி கடத்தும். வீட்டுக் கொக்கியிலயே கம்பியைப் பிரிச்சு நிப்பாட்டிட்டு பைபர் பகுதியை மட்டும் உள்ளுக்கு எடுக்கச் சொல்லுங்க, சில நேரம் அவசரத்தில கம்பியோடயே உள்ளுக்கு கொண்டு வந்து விடுவாங்க. கரண்ட் பிளக் வழியா இடி வாறது வேற கதை, அதுக்கு பிளக்கைக் களட்டுறதுதான் வழி.

## மதில் ஓரமா பைப்பில கொண்டு போறது

மேலாலயும் இல்லாம கீழாலயும் இல்லாம ஒரு வழி. போஸ்ட்டில இருந்து உங்கட கேற்றுத் தூண் வரைக்கும் மட்டும் வயர் மேலால வரும், அங்க இருந்து மதில் உட்பக்கத்தில 25 எம்எம் பைப்பை கிளிப் அடிச்சு வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டு போறது. கிடங்கு வெட்டத் தேவையில்ல, தென்னோலை விழுந்தாலும் பெரிசா ஒண்டும் ஆகாது, பழுது எண்டா கண்ணுக்குத் தெரியும். முத்தம் எல்லாம் சீமெந்து போட்டு முடிஞ்ச வீட்டுக்கு இதைத்தான் முதல்ல பாக்கச் சொல்லுவன்.

குறை எண்டா ரெண்டு. வெயில்ல சாதாரண வெள்ளை பீவீசீ பைப் சில வருஷத்தில உடையிற பதத்துக்கு வந்திடும், வடக்குப் பக்கம் நிழலா இருந்தா பரவாயில்ல, இல்லாட்டி மதிலுக்கு அடிக்கிற பெயின்டையே பைப்புக்கும் அடிச்சு விடுங்க. மற்றது, மதில் நேரா வீட்டில முட்டாது, மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில இருக்கிற அந்த 10 அடிக்கு எப்பிடியும் கீழாலயோ மேலாலயோ போகத்தான் வேணும். பொது மதில் எண்டா பக்கத்து வீட்டோட ஒரு வார்த்தை கதைச்சிட்டு ஆணி அடியுங்க.

## பைப் இல்லாம நேரா மண்ணுக்குள்ள

எனக்கு இதில விருப்பம் இல்ல, ஏன் எண்டு சொல்லுறன். கொம்பனி தாற ட்ரொப் வயர் மண்ணுக்குள்ள தாட்கிறதுக்கு செஞ்சது இல்ல, தாட்டா எலியும் கறையானும் மண்வெட்டியும் சேந்து முடிச்சிடும். இதுக்கு உருக்குத் தகடு சுத்தின கேபிள் வேணும், அது மீற்றர் கணக்கில வாங்கிறதே கஷ்டம், ட்ரொப் வயரை விட விலையும் கூட, ரெண்டு முனையிலயும் மெசின் வச்சு ஒட்டவேணும். ஒட்டு நல்லா விழுந்தா ஒண்டுக்கு 0.1 டிபிக்கு உள்ளதான் இழப்பு, அது பிரச்சினை இல்ல, ஆனா நீங்க வாங்கின கேபிளை கொம்பனி ஆக்கள் தொடுவாங்களா எண்டது முதலே கேட்டுக்கொள்ளவேணும். உருக்குத் தகடு இருக்கிறதால அதை எர்த் பண்ணவும் வேணும்.

எல்லாத்தையும் விடப் பெரிசு, அறுந்தா என்ன செய்யிறது. சிவப்பு லேசர் அடிக்கிற பேனை மண்ணுக்குள்ள ஒண்டும் காட்டாது. வெளிச்சம் அனுப்பி எவ்வளவு தூரத்தில அறுந்தது எண்டு பாக்கிற ஓடீடீஆர் மெசின் கிலோமீற்றர் கணக்கில போற லைனுக்குத்தான் வடிவா இடம் காட்டும், 40 மீற்றர் வளவுக்குள்ள எந்த அடியில அறுந்தது எண்டு அதை வச்சுச் சொல்லுறது லேசில்ல. முழுக்க கிண்டி எடுக்கிறதுதான் மிச்சம்.

எப்ப இது சரி எண்டா, பெரிய தோட்டம், 100 மீற்றருக்கு மேல, நேர்கோடு, யாரும் மண்வெட்டி போடாத இடம், நிலாவெளி மாதிரி மணல். அங்க கூட நான் 32 எம்எம் கறுப்பு பைப் ரோலை வாங்கி உருட்டி விடச் சொல்லுவன்.

## கான் வெட்டி பைப் போடுறது

இதைத்தான் விளக்கமா சொல்லவேணும், ஏனெண்டா நல்லா செஞ்சா காலத்துக்கும் நிக்கும், பிழையா செஞ்சா காசும் போய் கேபிளும் போகாத ஒரு பைப் மண்ணுக்குள்ள கிடக்கும்.

போஸ்ட்டில இருந்து கேற்று வரைக்கும் இதுக்கும் வயர் மேலாலதான் வரும், அங்க இருந்துதான் பைப். இந்த வழியில காசு குடுக்கிறது பைப்புக்குத்தான். கேபிள் பழுதாகட்டும், கொம்பனி மாறட்டும், நாளைக்கு புது வகை பைபர் வரட்டும், பழசை உருவிட்டு புதுசை இழுக்கலாம், முத்தத்தில ஒரு கல்லு கிளப்பத் தேவையில்ல. பைப்புக்குள்ள போற துண்டுக்கு ஓலை, குரங்கு, உப்பு, வெயில் ஒண்டும் கிட்ட வராது.

செலவுப் பட்டியல் போடேக்க ஆக்கள் பைப்பை மட்டும் எண்ணுவாங்க. அதில கூடின காசு போறது கூலிக்கும், வெட்டினதைத் திரும்ப மூடி சீமெந்தோ இன்டர்லொக்கோ பழையபடி கொண்டு வாறதுக்கும். ரெண்டு முனையிலயும் சின்னக் கிடங்குப் பெட்டி கட்டவேணும், கல்லு, சீமெந்து, மூடி, மேசனுக்கு ஒரு நாள். எஸ்லோன் பைப் விலை அதோட பாத்தா சின்னதுதான், அதால பைப்பில மிச்சம் பிடிக்காதீங்க.

பைப் அளவு: ட்ரொப் வயர் 5க்கு 2 எம்எம் மாதிரித்தான், அதுக்கு அரை இஞ்சி பைப்பே காணும் எண்டு ஹார்ட்வெயார்ல சொல்லுவாங்க. வயர் போகும், நுனியில பச்சைக் கனெக்டர் பூட்டி வந்தா அது முதல் வளைவிலயே நிண்டிடும். குறைஞ்சது 25 எம்எம், என்னைக் கேட்டா 32, அதாவது 1 இஞ்சி. 30 மீற்றருக்கு மேல எண்டாலோ மூண்டு வளைவு எண்டாலோ 50க்குப் போங்க. தண்ணி லைனுக்குப் போடுற சதுர எல்போ ஒண்டுகூட போட வேண்டாம், இது நான் கெஞ்சிக் கேக்கிற விசயம். நீளமா வளைஞ்சு போற பெண்ட்தான் வேணும், கிடைக்காட்டி 45 பாகை ரெண்டை நடுவில ஒரு துண்டு பைப் வச்சுப் பூட்டலாம். ஒரு கிடங்குப் பெட்டியில இருந்து அடுத்த பெட்டிக்குள்ள எல்லா வளைவையும் கூட்டினா 360 பாகைக்கு மேல போகக்கூடாது, அதாவது நாலு சதுர வளைவுக்கு சமம், அதுக்கு மேல எண்டா நடுவில இன்னொரு பெட்டி வையுங்க.

ஆழம் வளவுக்குள்ள 18 இஞ்சி, வாகனம் ஏறி இறங்கிற கேற்றடியில 24. பைப்புக்குக் கீழயும் மேலயும் கல்லில்லாத மணல் போட்டு, அதுக்கு மேல ஒரு 6 இஞ்சி மண் நிரப்பினாப் பிறகு மஞ்சள் எச்சரிக்கை நாடாவை விரிச்சு மூடுங்க, பிறகு யாராவது வாழைக்கு கிடங்கு வெட்டேக்க முதல்ல நாடாதான் மாட்டும். கரண்ட் வயரும் அதே கானில போகுதெண்டா வேற பைப், நடுவில ஒரு அடி இடைவெளி. பைபருக்கு கரண்டால குழப்பம் வராது, ஆனா பைப்பைத் திறக்கிற மனுசனுக்கு ஆபத்து வரக்கூடாது. டொய்லெட் கிடங்கு, தண்ணி லைன், எர்த் ரொட் எங்க எண்டு பாத்துத்தான் கோடு போடவேணும், ஆல், அரசு, வேம்பு வேர் ஓடுற பக்கம் விலத்திப் போங்க.

கயிறு விசயம் கொஞ்சம் கிட்ட நிண்டு பாக்கவேணும். பைப்பை ஒட்டேக்கயே உள்ளுக்கு கயிறு போட்டு வந்தா, மூட்டில வழியிற கம் கயிறில பட்டு அதுவும் பைப்போட ஒட்டி நிண்டிடும், பிறகு அதை அசைக்க ஏலாது. முழுக்க ஒட்டி, அறுத்த விளிம்பெல்லாம் உள்பக்கம் கத்தியால சுரண்டி, கம் காய்ஞ்சாப் பிறகு கயிறு போடுங்க. எப்பிடிப் போடுறது எண்டா, ஒரு சொப்பின் பேக்கில சின்னத் துண்டு கிழிச்சு உருண்டை மாதிரி கட்டி அதில தங்கூசியை (தூண்டில் நூல்) முடிஞ்சு பைப் வாயில வையுங்க, மற்ற வாயில வேக்கும் கிளீனரை துணி சுத்தி அடைச்சு ஓன் பண்ணினா சுர்ர் எண்டு தங்கூசி ஓடி வந்து மற்றப் பக்கம் நிக்கும். தங்கூசிக்கு எங்கட ஊரில பஞ்சமே இல்ல. பிறகு தங்கூசியில நைலோன் கயிறைக் கட்டி இழுத்து எடுத்து, ரெண்டு பக்கமும் ஒரு பாகம் (6 அடி மாதிரி) மிச்சம் விட்டு பெட்டிக்குள்ள கட்டி வையுங்க. தங்கூசியாலயே கேபிளை இழுக்க வேண்டாம், அது மெல்லிசு, வளைவில பைப்பையே அறுக்கும்.

தண்ணி. என்ன செஞ்சாலும் பைப்புக்குள்ள தண்ணி வரும், மூட்டால கசியும், இல்லாட்டி வேர்த்தே சேரும். ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்தான் எங்களுக்கு மழையில பெரும்பங்கு, அந்த மாசங்கள்ல பைப் தண்ணிக்குள்ளதான் கிடக்கப் போகுது எண்டு நினைச்சே வேலை செய்யுங்க. அதால உள்ளுக்குப் போடுற மெல்லிய வெள்ளைக் கேபிளை இதுக்குள்ள விடக்கூடாது, வெளி வேலைக்கு செஞ்ச கறுப்பு உறைதான். பைப் வீட்டுப் பக்கத்தில இருந்து கேற்றுப் பெட்டிப் பக்கம் சரிஞ்சு போகட்டும், அந்தப் பெட்டி அடியில சீமெந்து போடாம சல்லிக்கல்லு மட்டும் போட்டு விடுங்க, தண்ணி இறங்கும். வீட்டுக்குள்ள நுழையிற இடம் நிலமட்டத்துக்கு மேல, சுவரில 2 அடி ஏறி பிறகு உள்ளுக்கு போகோணும், இல்லாட்டி வெள்ளம் நிண்டா ரோட்டுத் தண்ணி பைப் வழியா ஹோலுக்குள்ள வந்திடும். ரெண்டு வாயையும் இறுகாத புட்டி வச்சு அடையுங்க, எறும்பு, பல்லி, பாம்புக்குட்டி எல்லாம் தேடுற இடம் அது. சிலிக்கன் வேண்டாம், பிறகு களட்ட ஏலாது.

மூட முதல் ஒரு வேலை: அளவு நாடாவை மதில்ல இருந்து பிடிச்சு, நாடா இலக்கம் தெரியிற மாதிரி கான் முழுக்க போட்டோ எடுத்து வையுங்க.

## ஒரே பார்வையில

| | போஸ்ட்டில இருந்து மேலால | மதில் ஓரம் | நேரா மண்ணுக்குள்ள | பைப்புக்குள்ள |
|---|---|---|---|---|
| முதல் செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம், கேபிள் விலை கூட | கூட, கூலிதான் பெரும்பங்கு |
| மறைஞ்ச செலவு | அடிக்கடி அறுதல், காத்திருப்பு | பெயின்ட், கிளிப் மாத்தல் | எர்த், ஒட்டு, திரும்பக் கிண்டல் | முத்தம் திரும்பப் போடல், பெட்டி |
| ஓலை, புயல், குரங்கு | தாங்காது | ஓரளவு | தாங்கும் | தாங்கும் |
| உப்புக் காத்து | கம்பி துருப்பிடிக்கும் | கிளிப் துருப்பிடிக்கும் | பிரச்சினை இல்ல | பிரச்சினை இல்ல |
| பழுது கண்டுபிடிக்க | லேசு | லேசு | மிகக் கஷ்டம் | தேடத் தேவையில்ல, புதுசு இழுக்கலாம் |
| பிறகு மாத்த | லேசு | லேசு | ஏலாது | லேசு |
| வெட்டுற கரைச்சல் | இல்ல | இல்ல | இருக்கு | இருக்கு |

## உங்கட இடம் எது

உவர்மலைப் பக்கம் எண்டா அலவாங்கு போட்டாலே கல்லு சத்தம் கேக்கும், 18 இஞ்சி இறங்கிறதுக்குள்ள ஆள் களைச்சிடும், அங்க மதில் ஓரம்தான் கெட்டித்தனம். வெட்டியே ஆகோணும் எண்டா கல் வாற இடத்தில ஆழத்தைக் குறைச்சு பைப்புக்கு மேல 4 இஞ்சி கொங்கிறீட் போட்டு மூடலாம்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி மணல்ல வெட்டுறது லேசு, ஆனா கான் ஓரம் சரிஞ்சு விழும், வெட்டின அண்டைக்கே பைப் போட்டு மூடுங்க. உப்புக் காத்தும் மணலும் சேர்ந்த இந்தக் கரையில பைப்புக்குத்தான் என்ட வாக்கு.

கிண்ணியா, மூதூர் பக்கம் பள்ளமான வளவுகள்ல கொஞ்சம் வெட்டினாலே தண்ணி தட்டும். வெறும் பைப் தண்ணியில மிதந்து மேல வரும், ஒவ்வொரு சில அடிக்கும் மண் மூட்டை வச்சு அமத்தி மூடவேணும். மாரி முடிஞ்சு பங்குனி வரைக்கும் பொறுத்து செய்யிறது நல்லம். தம்பலகாமம் வயல் களியில நேர்மாறா, ஆவணியில மண் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், அங்கயும் மாரி முடிஞ்ச கையோட வெட்டினா கூலி மிச்சம்.

வாடகை வீடு எண்டா இதில ஒண்டுக்கும் காசு போடாதீங்க. மேலால இழுத்து எடுங்க, இல்லாட்டி 4ஜி ரவுட்டர் ஒண்டோட சமாளியுங்க. பைபர் வராத தூரத்தில இருக்கிற ஆக்களுக்கு 2025 ஜூலையில இருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இன்டர்நெட்டும் இருக்கு, மாசக் காசு கூட எண்டாலும்.

கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஆக்களுக்கு தனியா ஒண்டு. மெயின் கட்டிடத்தில இருந்து கபானாக்களுக்கு (தனித்தனிச் சின்ன வீடுகள்) லேன் கேபிள் இழுத்து வச்சிருக்கிறதை நிலாவெளிப் பக்கம் நிறையக் காணலாம். செம்பு லேன் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை, அதை விட முக்கியம், ரெண்டு கட்டிடத்துக்கும் எர்த் வேற வேற, கிட்ட எங்கயாவது இடி விழுந்தா அந்த செம்பு வழியா ரெண்டு பக்கத்து சுவிட்சும் சேந்து போகும். கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவில பைப் போட்டு உள்ளுக்கு உலோகம் இல்லாத பைபர் விட்டு, ரெண்டு முனையிலயும் பைபரை லேன் கேபிளுக்கு மாத்துற மீடியா கொன்வெர்ட்டர் வச்சா அந்தப் பயம் விட்டுது. தோட்டம் போட முதல் எல்லாக் கபானாவுக்கும் 50 எம்எம் ஓடவிட்டால் பிறகு கமரா, கேற்று பெல் எல்லாம் அதுக்குள்ளால போகும்.

## லைன் குடுக்க வாற அண்டைக்கு

பைப் இருக்கெண்டு லைனுக்கு எழுதிக் குடுக்கேக்கயே சொல்லி வையுங்க, வந்து நிண்டு பாத்திட்டு எங்களுக்கு மேலால இழுக்கத்தான் நேரம் இருக்கு எண்டு சொல்லுற டீமும் இருக்கு. ரெண்டு பெட்டி மூடியையும் திறந்து, கயிறு அசையுதா எண்டு முதல் நாளே இழுத்துப் பாத்து வையுங்க, அப்ப அவங்களுக்கும் வேலை லேசு, மறுக்கக் காரணமும் இல்ல.

கயிறைக் கட்டேக்க கேபிள்ல இருக்கிற கம்பியிலதான் முடிச்சு விழவேணும், கனெக்டர்லயோ வெறும் உறையிலயோ இல்ல. முடிச்சுக்கு மேல டேப் சுத்தி ஈட்டி மாதிரி கூராக்கி விடுங்க, வளைவில மாட்டாது. ஒராள் இந்தப் பக்கம் மெல்லத் தள்ள மற்றாள் அந்தப் பக்கம் ஒரே சீரா இழுக்கோணும், வெட்டி வெட்டி இழுத்தா நூல் உள்ளுக்குள்ள நொந்திடும். இறுகினா பாத்திரம் கழுவுற சோப்பை தண்ணியில கரைச்சு பூசலாம் எண்டு சிலர் செய்வாங்க, கேபிளுக்கு எண்டு விக்கிற வழுக்கிப் பசை கிடைச்சா அதுதான் நல்லம், கிறீஸும் எஞ்சின் ஒயிலும் தொடவே வேண்டாம், உறையைக் கெடுக்கும்.

பெட்டிக்குள்ள ரெண்டு மூண்டு மீற்றர் மிச்சக் கேபிளை பெரிய வட்டமா சுத்தி வைக்கச் சொல்லுங்க, கேபிள் டையை இறுக்கி இழுக்காம தளர்வா. அவங்க போக முதல் பவர் மீற்றர்ல வெளிச்ச அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்ல. வழமையான ஜிபொன் லைனுக்கு (வீட்டு பைபர் லைன் வகை) வீட்டுக்குள்ள வைக்கிற பைபர் ரவுட்டர் மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 டிபிஎம் (வெளிச்ச அளவு, மைனஸ் கூடக் கூட வெளிச்சம் குறைவு) வரைக்கும் வேலை செய்யும், மைனஸ் 20 கிட்ட நிண்டா நிம்மதி, மைனஸ் 26 எண்டா இண்டைக்கு வேலை செஞ்சாலும் ஒரு மாரிக்குள்ள சிவப்பு லைட் எரியும். ரோட்டில இருக்கிற கொம்பனிப் பெட்டியில எவ்வளவு, வீட்டுக்குள்ள எவ்வளவு எண்டு ரெண்டையும் கேளுங்க. வித்தியாசம் 1 டிபிக்கு மேல எண்டா நடுவில எங்கயோ மடிஞ்சிருக்கு, இல்லாட்டி கனெக்டர் ஊத்தை, அவங்க நிக்கேக்கயே துடைச்சு, தேவைப்பட்டா திரும்ப வெட்டிப் பூட்டச் சொல்லுங்க. அந்த இலக்கத்தை ரவுட்டருக்கு அடியில எழுதி ஒட்டி வச்சா, பிறகு லைன் இழுபட்டா போன்ல சொல்லுறதுக்கு உதவும்.

இன்னொண்டு, கேபிளை இழுக்கேக்க அதோட சேத்து புதுக் கயிறு ஒண்டையும் உள்ளுக்கு இழுத்து விடச் சொல்லுங்க. பழைய கயிறு கேபிளோட வெளியில வந்திடும், பைப் கயிறில்லாம நிண்டா அடுத்த முறை திரும்ப வேக்கும் கிளீனரோட நிக்க வேண்டி வரும்.